டேங்குக்குள் பெய்த மழை

காற்றின் விலை அந்தக் கடையில் சைக்கிளுக்கு அரை டீ, பைக்குக்கு ஒரு டீ, லாரிச் சக்கரம் ஒன்றுக்கு மூன்று டீ. பணத்தில் எழுதிப் போட்டால் வருஷா வருஷம் அழித்து எழுத வேண்டியிருக்கும் என்பதால் கடைக்காரர் மனைவி டீயில்தான் விலை சொல்வாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை. அங்கே டீ ஏறினால் இங்கே காற்றும் ஏறும். உள்ளூர்க்காரர்களுக்கு இது நியாயமாகவே பட்டது. வெளியூர் வண்டிக்காரர்கள் மட்டும் இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "காத்துக்கா காசு கேக்கிறீங்க?" என்பார்கள்.

"காத்துக்கு யாருண்ணே கேட்டா? வெளியே எவ்வளவு கிடக்கு பாருங்க, வேணுங்கிற மட்டும் அள்ளிக்கோங்க. அதைப் பிடிச்சு, நசுக்கி, ரப்பருக்குள்ள அடைச்சு, ஓடிப்போகாம காவல் வைக்கிறதுக்குத்தான் காசு."

கேட்டவர் சிரித்துவிட்டால் காசு வந்த மாதிரி. சிரிக்காதவரிடம் அவள் அதே விலையைச் சற்று வருத்தத்தோடு சொல்வாள். துணி வியாபாரி வீட்டில் பிறந்தவள். விலையை எந்தக் குரலில் சொன்னால் பேரம் நிற்கும் என்பது அவளுக்குத் தொட்டிலிலேயே தெரிந்துவிட்டது. கொழுந்தன் ஒருவன் நாள் முழுக்க அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் டீக்கடைக்காரர், லாரி டிரைவர்கள், அவளைவிட மூத்த கிழவர்கள் எல்லோருக்குமே அவள் அண்ணி ஆகிவிட்டாள். புருஷனுக்கு மட்டும் அவள் 'ஏய்'.

புருஷன் பெயர் ஊரில் பிரஷர். உடம்பிலும் அது இருந்தது, வாயிலும் இருந்தது, கையிலும் இருந்தது. தடித்த கழுத்து, குட்டையான விரல்கள். லாரி டயரைத் தனியாளாகப் புரட்டிப் போடுவான். கொழுந்தன் பெயர் டப்பா. நெட்டையாக, ஒல்லியாக, எதையாவது விளக்கிச் சொல்லிக்கொண்டே இருப்பவன். பெயர் வந்த கதை அந்தக் கடையின் டேங்கோடு சேர்ந்தது.

இரண்டு பெருஞ்சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கடை. மூன்று பக்கம் தகரச் சுவர், மேலே தகரக் கூரை, பின்னால் இரண்டு அறை வீடு. கடையின் மூலையில் டீசல் இன்ஜின், அதற்கு பெல்ட் போட்ட கம்ப்ரசர், அதன் கீழே கிடையாகப் படுத்திருக்கும் டேங்க். எருமைக்கன்று போல இருக்கும். மாமனார் வாங்கிப் போட்டது. லாரிச் சக்கரத்தின் லாக் ரிங் என்னும் இரும்பு வளையம், காற்றடிக்கும்போது தெறித்து மாமனாரின் மார்பைப் பிளந்துவிட்டுப் பின்சுவரில் போய் அடித்தது. பள்ளம் இன்னும் சுவரில் இருக்கிறது. மூத்த மகன் பிரஷர், வீட்டில் பெரியவன், அதை நிமிர்த்த விடவில்லை. காலையில் கடை திறந்ததும் அந்தப் பள்ளத்தைத் தொட்டுவிட்டுத்தான் இன்ஜினைச் சுற்றுவான். காற்று என்றால் பூப்போல் வருடுவது என்று எண்ணுகிறவர்கள் டயர் கடைக்கு வராதவர்கள்.

டேங்கின் அடிவயிற்றில் ஒரு சின்னத் திருகு உண்டு. சாயங்காலம் கடை மூடும்போது அதைத் திறந்துவிட வேண்டும். நாள் முழுக்க உள்ளே அடைத்த காற்றிலிருந்து கசிந்த தண்ணீர், துருவோடு சேர்ந்து டீ நிறத்தில் பீச்சிக்கொண்டு வரும். தரையில் மல்லாந்து படுத்தால்தான் கை எட்டும். பெரியவன் எதற்கும் படுக்கிறவன் இல்லை, குனிகிறவனும் இல்லை. ஆக அது தம்பி வேலை. தம்பி அந்தத் தண்ணீரைப் பழைய பால் டப்பாவில் பிடித்து, எவ்வளவு என்று பார்த்து, மறுநாள் வானிலை சொல்வான். டீக்கடைக்காரர் அதன்மேல் டீ பந்தயம் கட்டுவார்.

"இன்னைக்கு என்னடா?" என்று அவர் சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பார்.

"முக்கா டப்பா."

"அப்ப?"

"வானம் வேர்த்திருக்கு. இன்னும் குளிக்கலை."

"மழை வருமா வராதா, அதைச் சொல்லு. நான் விறகை உள்ளே போடணுமா வேண்டாமா?"

"போடுங்க."

பாதி நாள் சரியாக இருக்கும், பாதி நாள் தப்பும். தப்பினால் அவனிடம் காரணம் தயாராக இருக்கும். லாரிக்காரர்கள் விட்டுப்போன பத்திரிகைகளைப் படித்தும், ரேடியோ கேட்டும், வால்வைத் திறந்து திறந்து மூடியும் அவனாகச் சேர்த்துவைத்த அறிவு அது. யாராவது அகப்பட்டால் விடமாட்டான்.

"கேஜ்ல முள் சைபர்ல நின்னா டேங்க்ல ஒண்ணுமே இல்லைன்னு நினைக்கிறீங்க. அப்படி இல்லை. வெளிக்காத்தோட சமமா இருக்குன்னுதான் அர்த்தம். வெளிக்காத்தே சதுர அங்குலத்துக்குப் பதினஞ்சு பவுண்டு அமுக்குது. உங்க தலைமேல, என் தலைமேல, உங்க கடை பன்னு மேல."

"அதான் பன்னு சப்பையா இருக்கா? நான் மாவைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"சிரிங்க. காத்து வீசுறதுன்னா என்ன? பஞ்சர்தான். ஒரு இடத்துல அழுத்தம் ஜாஸ்தி, ஒரு இடத்துல கம்மி. ஜாஸ்தியிலேர்ந்து கம்மிக்கு ஓடுது. வெயில்ல தரை சூடானா தரைமேல இருக்கிற காத்தும் சூடாகி லேசாயிடுது, மேல போகுது. மேல போகப் போக அமுக்க ஆள் கம்மி, அதனால விரியுது. விரிஞ்சா குளிரும். டயர் வால்வைப் பிடுங்கினா சில்லுன்னு வருதில்ல?"

"வருது."

"அதான். குளிர்ந்த காத்தால தண்ணியைத் தூக்கிக்கிட்டு நிக்க முடியாது. கீழ போட்டுடும். இங்க டேங்க்ல நாம நசுக்கிப் பிழியறோம், அங்க அது விரிஞ்சு குளிர்ந்து போடுது. வழி வேற, தண்ணி ஒண்ணுதான். எங்க டேங்க்குக்குள்ள தினமும் மழை பெய்யுது."

பெரியவன் உள்ளேயிருந்து குரல் கொடுப்பான். "டேய் மழை, அந்த டியூபை எடுத்துட்டு வாடா."

அந்த நாட்களில் வீட்டில் சிரிப்பு இருந்தது. அண்ணி பின்னறையில் வெங்காயம் வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி, ரொட்டியோடு தட்டில் வைப்பாள். அண்ணனும் தம்பியும் கிரீஸ் போகாத விரல்களால் ஒரே தட்டில் பிய்த்துத் தின்பார்கள். தட்டின் ஓரத்தில் கறுப்புக் கைரேகைகள் இருக்கும்.

கெட்டது ஒரு லாரிக்காரர் வாயால் வந்தது. கோடை முற்றிய நாளில் காற்றடிக்க வந்தவர், டேங்கின் அடியில் ஈரம் கண்டு, "இது என்ன, ஒழுகுதா?" என்று சும்மா கேட்டுவைத்தார். தம்பி ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவன் சுத்தியலை எடுத்து டேங்கின் அடியில் இரண்டு தட்டுத் தட்டி, "சத்தத்தைக் கேளுங்கண்ணே. மேல கணீர்ங்குது, கீழ சொத்தைப் பல்லு மாதிரி இருக்கு. உள்ளே துரு தின்னுடுச்சு. மாத்தணும்னு சொல்றேன், இவரு கேக்க மாட்டேங்கிறாரு," என்றான்.

வாடிக்கையாளர் எதிரில் சொந்தச் சரக்கைக் குறை சொல்வதைவிடப் பெரிய பாவம் அண்ணி பிறந்த வீட்டில் கிடையாது. அவளே, "தம்பி, உள்ளே வா," என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். அதற்குள் பெரியவன் டயர் கழற்றும் இரும்பு லீவரோடு வந்துவிட்டான். லீவரின் தட்டையான முனை தம்பியின் வாயில் விழுந்தது. தம்பி விழுந்தான், எழுந்தான், அண்ணனைப் பிடிக்கப் போனான். இரண்டாவது அடி காதுக்குப் பின்னால். இரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. லாரிக்காரர் சக்கரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"அப்பா டேங்கைப் பார்த்து சொத்தைங்கிற. அப்பா டேங்கைப் பார்த்து."

"அப்பாவைக் கொன்னதும் இந்தக் காத்துதாண்ணே," என்றான் தம்பி. வாயிலிருந்து ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பால் டப்பாவை எடுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து போனான்.

போனவன் தூரமாகப் போயிருந்தால் கதை இல்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த சின்ன அறையைப் பிடித்தான். யாரிடமோ கெஞ்சி ஒரு சின்ன மின்சாரக் கம்ப்ரசர் வாங்கிவந்தான். வாசலில் ஆளுயரத் தகரப் பலகையை நட்டு, சிவப்பு எழுத்தில் எழுதினான்: காற்று இலவசம்.

பெரியவன் அதைப் பார்த்த காலையில் பின்சுவர்ப் பள்ளத்தைத் தொட மறந்துவிட்டான்.

"எப்படிக் கட்டுப்படியாகும் அவனுக்கு?" என்று மனைவியைக் கேட்டான்.

"காத்தைச் சும்மா கொடுப்பான், பஞ்சருக்குச் சேர்த்து வாங்குவான். எங்கப்பா ஊசியைச் சும்மா கொடுத்துட்டு நூலுக்குப் போடுவாரு."

"நீ யாரு பக்கம்?"

"நான் வியாபாரத்துப் பக்கம்."

அன்றைக்கு மாலை, கடை மூடும் நேரத்தில், பழக்கத்தில் அவள் திருகைத் திறக்கக் குனிந்தாள். பெரியவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் அவள் டயர் அடுக்கில் மோதினாள்.

"அது அவன் வேலை. அவன் போயிட்டான். அந்தத் திருகை எவன் தொட்டாலும் கை இருக்காது. டப்பா, ஜோசியம், மழை, எல்லாம் முடிஞ்சது."

"தண்ணி சேருமேங்க."

"சேரட்டும். இரும்புக்குத் தண்ணியால என்ன?"

இரும்பிலேயே புழங்குகிறவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வர வேண்டுமானால் உள்ளே எவ்வளவு கோபம் அடைபட்டிருக்க வேண்டும் என்று அவள் எண்ணிக்கொண்டாள். தோள் வலித்தது. முட்டை உடைக்கப் போனாள். ஒரு ஆளுக்கு எத்தனை முட்டை என்பது புதுக் கணக்காக இருந்தது.

அது காற்றெல்லாம் ஈரமான பருவம். துவைத்த துணி கொடியில் நாள் முழுக்கக் கிடந்தாலும் பிசுபிசுவென்றே இருந்தது. உப்பு டப்பாவில் உப்பு கட்டிதட்டியது. அப்படிப்பட்ட காற்றைத்தான் கம்ப்ரசர் இழுத்து இழுத்து உள்ளே தள்ளியது. அப்போதுதான் அந்தக் கடையில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு தப்பு நடந்தது. டேங்க் முன்பைவிடச் சீக்கிரமாக நிறையத் தொடங்கியது. இன்ஜினைச் சுற்றிவிட்டு ஒரு பீடி முடிவதற்குள் முள் மேலே போய் நின்றது. பெரியவன் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா? அவன் இருந்தவரைக்கும் அரை மணி இழுக்கும். அவன் கை படாததுல டேங்க் எப்படி வேலை செய்யுது பாரு. தரித்திரம் பிடிச்ச கை."

பெரியவன் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து அவள் டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே இறக்கினாள். மேல்பாதி சுட்டது. இடுப்புக்குக் கீழே சட்டென்று குளிர்ந்தது. வீட்டுப் பானையில் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று பார்க்கிற கை அது, தப்பாது. டேங்கில் பாதிக்குமேல் தண்ணீர். காற்றுக்கு மிச்சமிருந்தது மேலே பாதிக்கும் குறைந்த இடம். அது சீக்கிரம் நிறையாமல் என்ன செய்யும்?

டயருக்குள்ளும் தண்ணீர் போகத் தொடங்கியது. "காத்து கேட்டா தண்ணி அடிக்கிறீங்களே," என்று பைக்குக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"தண்ணிக்கு காசு கேக்கலையே," என்றான் பெரியவன்.

அவள் அன்று மத்தியானம் சாலையைக் கடந்தாள். கொழுந்தன் ஒரு சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் தையல் காய்ந்திருந்தது. முன்பல் இருந்த இடத்தில் இருட்டு.

"பாதிக்கு மேல தண்ணி," என்றாள்.

அவன் டியூபை விட்டுவிட்டான். அது மிதந்து எழுந்தது. "அண்ணி, அதுக்குப் பக்கத்துல நிக்காதீங்க. அடித்தகடு காகிதமா இருக்கும். காத்து மட்டும் இருந்தாலாவது நாலு வருஷம் தாங்கும்."

"நிக்காம எங்க போறது? வீடே அதுக்குப் பின்னாலதானே. நீ வந்து ஒரு தடவை திறந்து விட்டுட்டுப் போ."

"அவரு வந்து கூப்பிடட்டும்."

"அவரு வரமாட்டாரு."

"அப்ப நானும் வரமாட்டேன்."

"சரி, பேரத்துக்கு வா. அவரு வர வேண்டாம். நான் கூப்பிடறேன். அவரு இல்லாத நேரமா வா."

"திருடனாட்டமா? என் பல்லு அங்க விழுந்தது எல்லாரும் பார்க்க. நான் வர்றதும் எல்லாரும் பார்க்கத்தான்."

"பல்லு பெரிசா, அண்ணன் உயிரு பெரிசா?"

"இதை அவர்கிட்ட கேளுங்க அண்ணி. லீவரைத் தூக்கினப்ப கேட்டிருக்கணும்."

டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்தபடி, "இப்ப எத்தனை டப்பாடா இருக்கும் அதுல?" என்றார்.

"சிரிக்காதீங்க," என்றான் அவன். அண்ணியைப் பார்க்காமல், "மேகம் பெரிசாக் கட்டுற நாள்ல இன்ஜினை ஓட விடாதீங்க. காத்துல ஈரம் ஏறினா அது இன்னும் குடிக்கும்," என்றான்.

அவள் திரும்பி வந்தாள். விலை படியாத சரக்கோடு வீடு திரும்புகிறவளின் நடை அது.

அந்த நாள் காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. காற்று விற்கும் கடையில் மூச்சுக்குக் காற்றில்லை. தகரம் கொதித்தது. நாய்கள் லாரிக்கடியில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தன. மத்தியானத்துக்குமேல் வடக்கே ஒரு மேகம் எழுந்தது. முதலில் பூக்கோசு போல வெள்ளையாக இருந்தது, பார்க்கப் பார்க்க மாடிமேல் மாடியாக உயர்ந்தது, உச்சியில் எதிலோ முட்டியதுபோல் பக்கவாட்டில் பரந்து தட்டையானது. அடியில் கறுத்து, கறுப்பில் பச்சை கலந்தது. எதிர்ப்பக்கம் டப்பா வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இடையிடையே இந்தக் கடையின் மூலையையும் பார்த்தான்.

சரியாக அப்போது ஒரு லாரி வந்தது. பின்சக்கரம் இரண்டிலும் காற்றில்லை. பெரியவன் இன்ஜினைச் சுற்றினான்.

"மேகத்தைப் பாருங்க. நாளைக்குப் போட்டுக்கலாம்," என்றாள் அவள்.

"இலவசக்காரன்கிட்டப் போகட்டுமா?"

முள் ஏறியது. அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடுவதற்காக டேங்கின் மேலிருந்த சேஃப்டி வால்வு சீறத் தொடங்கியது. அது ஒரு வாரமாகவே அடிக்கடி சீறிக்கொண்டிருந்தது. பெரியவனுக்கு எரிச்சல். சுவரில் தொங்கிய கட்டுக்கம்பியை எடுத்து, வால்வின் தலையை அமுக்கி, மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினான். சீறல் நின்றது.

"கழுத்தை நெரிக்கிறீங்க," என்றாள்.

"வாயைத்தான் கட்டினேன். உனக்கும் ஒண்ணு கட்டணுமா?"

அப்புறம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. சட்டென்று குளிர்ந்தது. மேலே மழையோடு கனத்துப்போன காற்று தன்னையே தாங்க முடியாமல் தரையில் விழுந்து நாலாபக்கமும் தெறித்தது. சாலைப் புழுதி சுவர்போல் எழுந்து வந்தது. டீக்கடைப் பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பெஞ்சு ஒன்று தானே புரண்டு புரண்டு போனது. கொழுந்தன் நட்டிருந்த தகரப் பலகை ஒரு முறை வளைந்தது, இரண்டாம் முறை முறிந்தது, பிறகு எழுந்து, சுழன்று, சாலையைத் தாண்டிப் பறந்துவந்து, அண்ணியின் தலைக்கு ஒரு சாண் மேலே தகரச் சுவரைப் பிளந்துகொண்டு பாதி உள்ளே நின்றது. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பாதியில் 'இலவசம்' என்று இருந்தது.

பெரியவன் அதைப் படித்தான். காற்று கொண்டுவந்ததா, தம்பி எறிந்ததா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவன் இல்லை. லீவரைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினான். அந்த நேரம் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. முதலில் பட்டாணி, பிறகு நெல்லிக்காய். தகரக் கூரைமேல் ஜல்லி கொட்டுகிற சத்தம். தம்பி ஓடிவந்துகொண்டிருந்தான், அவன் கையில் ஒன்றுமில்லை. "அண்ணே, இன்ஜினை நிறுத்துங்க," என்று அவன் கத்தியதை அவள் வாயசைவில் தெரிந்துகொண்டாள். பெரியவன் காதில் அது விழுந்ததோ என்னவோ. நடுச்சாலையில் லீவர் இறங்கியது. தம்பி முன்கையால் தடுத்தான், தலையைக் குனிந்து அண்ணன் வயிற்றில் முட்டினான். இருவரும் பனிக்கட்டிமேல் வழுக்கி விழுந்தார்கள். தம்பியின் முழங்கால் அண்ணன் விலாவில் ஏறி இறங்கியது, மறுபடி ஏறி இறங்கியது. அண்ணன் கை தம்பியின் தொண்டையைக் கண்டுபிடித்தது. இருவர் முதுகிலும் வானம் கல்லெறிந்தது.

அவள் முன் இரண்டு சண்டை இருந்தது. ஒன்று சாலையில், ஒன்று டேங்குக்குள். சாலைச் சண்டை இரண்டு பேரில் ஒருவரைக் கொல்லும். டேங்க் மூன்று பேரையும் லாரிக்காரரையும் சேர்த்துக் கேட்கும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, முட்டவேண்டிய ஆணியில் முட்டி நின்றது. அவள் இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்தாள். கம்பி கையோடு வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டியதும் தம்பி வேலை. அவன் போனபிறகு பெரியவன் ஏதோ ஒரு இடத்தை விரலால் அமுக்கி நிறுத்துவான், அது எந்த இடம் என்று அவளுக்குக் காட்டியதில்லை.

ஸ்பானரையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தாள். மேலே டேங்கின் அடிவயிறு. துருப் பொருக்குகளுக்கு நடுவே தகடு வியர்த்திருந்தது. இன்ஜின் அதிர்வு அவள் பல் வரைக்கும் வந்தது. திருகில் ஸ்பானரை மாட்டி இழுத்தாள், அசையவில்லை. கை இருக்காது என்று புருஷன் சொன்னது நினைவுக்கு வந்தது. சுத்தியலால் ஸ்பானரை அடித்தாள். ஒன்று. இரண்டாவது அடியில் திருகு முறிந்தது. கறுத்த தண்ணீர் ஈட்டிபோல் இறங்கியது. ஸ்பானர் திரும்பி அவள் வலது மணிக்கட்டில் அடித்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. தண்ணீரின் வேகம் அவளைச் சேற்றோடு தள்ளிக் கொண்டுபோய் டயர் அடுக்கில் மோதவைத்தது. திரும்பிப் பார்த்தாள். திருகு இருந்த ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு கோடு, துணி கிழிகிற மாதிரி, மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. துணி கிழிகிற விதம் அவளுக்குத் தெரியும். ஒரு விரலளவு தொடங்கிவிட்டால் பிறகு முழம் கணக்கில்லை.

உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். லாரியின் முன்சக்கரத்துக்கு அப்பால் விழுந்தாள்.

வெடித்தது என்று சொன்னால் போதாது. அடித்தகடு முழுவதும் கிழிந்து தரையை உதைத்தது. உதைத்த உதையில் டேங்க் மேலே கிளம்பியது. கூரைத் தகரத்தைக் காகிதமாகத் துளைத்துக்கொண்டு, துருத்தண்ணீரை வாலாக இழுத்துக்கொண்டு, ஆலங்கட்டி இறங்கிவந்த அதே வழியில் ஏறிப் போனது. ஓட்டை விழுந்த கூரையைப் புயல் விடுமா? உள்ளே புகுந்து தூக்கியது. தகரங்கள் ஒவ்வொன்றாகச் சீட்டுக்கட்டு பிரிகிற மாதிரி பிரிந்து போயின. மாமனார் மார்பைப் பிளந்த வளையத்தின் பள்ளம் இருந்த பின்சுவர் மல்லாக்க விழுந்தது. நடுச்சாலையில் அண்ணன் கை தம்பியின் தொண்டையிலேயே இருந்தது, இருவர் கண்ணும் மேலே இருந்தது. டேங்க் உச்சியில் ஒரு கணம் யோசித்தது. பிறகு எதிர்ப்பக்கம் இறங்கி, டீக்கடையை விட்டுவிட்டு, பக்கத்து அறையின் கூரை வழியாகச் சின்னக் கம்ப்ரசரின்மேல் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரம் கல்மழையின் சத்தம் மட்டும் இருந்தது. அண்ணன் கை தளர்ந்தது.

"என் டேங்க்," என்றான் பெரியவன்.

"என் கம்ப்ரசர்," என்றான் தம்பி, கிழிந்த குரலில்.

லாரிக்குப் பின்னாலிருந்து அவள் எழுந்து வந்தாள். நெற்றியில் ஆலங்கட்டி பட்டு வீங்கியிருந்தது. சேலையெல்லாம் துரு. இடது கையில் வலது கையை, யாருடையதோ பொருளைப் போல, ஏந்திப் பிடித்திருந்தாள்.

"என் கை," என்றாள்.

லாரிக்காரர்தான் மூவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பின்சக்கரத்தில் காற்றில்லாத வண்டி நொண்டி நொண்டிப் போயிற்று. மழை விட்டு, மேகத்தின் பின்புறம் வெயிலில் வெண்மையாக, ஒன்றுமே அறியாததுபோல் நின்றது.

"யாருண்ணே முதல்ல அடிச்சது?" என்று லாரிக்காரர் பேச்சுக்காகக் கேட்டார்.

"வெயிலு," என்றான் தம்பி.

பெரியவன் சிரிக்கப் பார்த்தான். விலா விடவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவள்தான் பேரத்தைத் தொடங்கினாள். இரண்டு கடையும் ஒன்று, டேங்கும் ஒன்று. புதுசு. அவள் பேரில். இரண்டு பேரும் அதில் வேலைக்காரர்கள். தம்பி ஒப்புக்கொண்டான். பெரியவன் சுவரைப் பார்த்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் அவனிடம். "சாயங்காலம் திருகை நீங்கதான் திறக்கணும். நீங்களே. படுத்து."

"அது அவன் வேலை."

"அவன் வேலைதான். என் கை உடைஞ்சது எந்த வேலையில?"

அவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவள் கைக்கட்டைப் பார்த்தான். "தண்ணி எவ்வளவுன்னு அவன்கிட்ட நான் சொல்லமாட்டேன்," என்றான் கடைசியில்.

"என்கிட்ட சொல்லுங்க. நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன்."

இப்போது அங்கே அப்படித்தான் நடக்கிறது. கூரை புதுத்தகரம். காற்றுக்கு விலை பழையபடி டீயில். சாயங்காலம் பெரியவன் முனகிக்கொண்டே தரையில் மல்லாந்து படுத்து, திருகைத் திறந்து, பால் டப்பாவை மேலே நீட்டுவான். "ஒண்ணரை," என்பான் கூரையைப் பார்த்து. "தம்பி, ஒண்ணரையாம்," என்பாள் அவள். "விறகை உள்ளே போடச் சொல்லுங்க," என்பான் ஐந்தடி தூரத்தில் டியூப் ஒட்டிக்கொண்டிருக்கிற தம்பி. அண்ணனும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவது மட்டும் எப்படியோ திரும்ப வந்துவிட்டது.

"கணக்கெல்லாம் தீர்ந்துதா அண்ணி?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"தீர்ந்துது. சைபர்," என்றாள். கேஜில் முள்ளும் அப்போது அங்கேதான் நின்றிருந்தது.

அவள் மனசுக்குள் போட்டுவைத்திருக்கும் வரவுசெலவு ஐந்தொகை இது. பெரியவன் பக்கம்: ஒரு டேங்க், ஒரு கூரை, இரண்டு விலா எலும்பு, அப்பா நினைவாகத் தொட்டுக்கொள்ளும் ஒரு பள்ளம். சின்னவன் பக்கம்: ஒரு பல், காதுக்குப் பின்னால் ஒரு தையல், ஒரு கம்ப்ரசர், ஒரு பலகை. இரண்டும் நேர். பாக்கி: மேகம் கட்டும் நாளில் டப்பாவுக்கு முந்தியே குத்தத் தொடங்கும் ஒரு வலது மணிக்கட்டு. வசூல் பெரியவனிடம் நடந்துகொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்கு ஒரு குனிவு வீதம்.